முற்றத்து மழை எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: ஐயா, நான் நங்கநல்லூரில் இருக்கிறேன். வரும் மே மாதம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். கும்பகோணம் பக்கம், திருவிடைமருதூர் தாலுகாவில் ஒரு சிற்றூரில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. திண்ணை, ரேழி, தேக்குத் தூண் வைத்த கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லையில் கிணறு எல்லாம் அப்படியே இருக்கின்றன. 24 அடி அகலம், 150 அடி நீளம். 1930-களில் கட்டியது என்கிறார்கள். 45 லட்சம் சொல்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் ஓர் அக்காவும் சேர்ந்து விற்கிறார்கள். கடைசித் தம்பி அமெரிக்காவில் இருக்கிறார். என் அம்மாவுக்கு 78 வயது. மாயவரத்தில் இதே மாதிரி ஒரு வீட்டில் வளர்ந்தவர். பார்க்கப் போன அன்று திண்ணையில் உட்கார்ந்தவர், கிளம்பும்போது எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார். என் கணவரோ, "தொண்ணூறு வருஷத்து வீடு, இடித்துக் கட்டத்தான் லாயக்கு" என்கிறார். கூடத்துத் தூண் ஒன்றுக்கு மேலே உத்திரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. கேட்டதற்கு, "அது பழைய கறை" என்றார்கள். பத்து நாளில் முன்பணம் கொடுக்கச் சொல்லித் தரகர் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திண்ணை, தூண், முற்றம் எல்லாவற்றையும் ரசித்து எழுதிவிட்டு, நடுவில் அந்தப் பழுப்புக் கறையையும் எழுதினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் கறையைப் பார்ப்பதில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

கட்டடப் பொறியாளராகச் சென்னையில் ஏறக்குறைய நாற்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் இருக்கும் பழைய வீடுகளையும், டெல்டா பக்கத்து வீடுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வயதானதால் விழுந்த வீடு என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றதால் விழுந்தவைதான் எல்லாமே. ஓட்டில் நிற்கும், சுவருக்குள் நிற்கும், முற்றத்தில் நிற்கும். அதனால் தொண்ணூறு வருடம் என்ற கணக்கை வைத்து உங்கள் கணவர் பயப்பட வேண்டாம். இந்த வீட்டில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அவரையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதில் முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கூடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மச்சுக்குக் கம்பியும் கிடையாது, காங்கிரீட்டும் கிடையாது. தூண் மேல் போதிகை என்கிற தாங்குகட்டை, போதிகை மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் ஓரடி ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாட்டில், குத்துக்கல்லாக, சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி அடுக்குவார்கள். இந்தச் செங்கல் சாதாரணச் செங்கல் இல்லை. ஆறங்குல நீளம், மூன்றங்குல அகலம், ஓரங்குலக் கனம்தான் இருக்கும். பிஸ்கட் மாதிரி கையில் எடுக்கலாம். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவது வழக்கம். கடைசியில் தட்டையான ஓடு பதித்து முடிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது இதைத்தான். திருவல்லிக்கேணியில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இதன் கீழேதான் தூங்குகின்றன.

இந்தக் கூரை தன் பாரத்தையும் நாலைந்து பேர் நடமாடும் பாரத்தையும் நன்றாகத் தாங்கும். தாங்காதது இரண்டு. ஒன்று, கட்டையின் நுனி ஈரமாவது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிக்குக் காற்று படாது. அங்கே ஈரம் ஏறினால் வெளியே பளபளவென்று இருக்கிற கட்டை உள்ளே இத்துப்போயிருக்கும். இன்னொன்று, நல்லெண்ணத்தோடு ஏற்றிவைக்கும் கூடுதல் பாரம்.

2015 டிசம்பர் மழைக்குப் பிறகு திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மச்சு ஒழுகுகிறது என்று சில வருடங்களுக்கு முன்னால் யாரோ மேலே மூன்றங்குலத்துக்குக் காங்கிரீட் கொட்டியிருந்தார்கள். மூன்றங்குலக் காங்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. 200 சதுர அடி அறை என்றால் மூன்று டன்னுக்கு மேல். அந்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, காங்கிரீட்டுக்கு அடியில் வெளியேற வழியில்லாமல் நின்ற ஈரத்தையும் குடித்துக்கொண்டு கட்டைகள் இருந்தன. கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு நூலைக் கட்டி இழுத்துப் பிடித்தேன். நடுவில் உத்திரம் நூலைத் தாண்டி இரண்டு விரல் கீழே தொங்கியது. அதன் நேர்கீழே கட்டில் போட்டு ஒரு வயதான தம்பதி படுத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அந்த இரண்டு விரல் இடைவெளி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் அடுத்த முறை போகும்போது ஒரு நூல்கண்டு, நல்ல டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஏணி நான்கும் வேண்டும். கும்பகோணத்திலோ அந்த ஊரிலோ வயதான ஆசாரி ஒருவரைப் பிடித்து ஒரு நாள் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். உத்திரத்துக்கு நூல் பிடியுங்கள். கறை இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த தேக்கு 'டங்' என்று கேட்கும். உளுத்த கட்டை 'பொத்' என்று சொல்லும். ஆசாரியின் காது இந்த விஷயத்தில் என் கருவிகளைவிட மேல். அப்புறம் முனையை வைத்து அழுத்திப் பார்க்கட்டும். நகக்கண் அளவுகூட இறங்கவில்லை என்றால் நல்லது. வெண்ணெய்க்குள் போகிற மாதிரி போனால், எதுவரை போகிறது என்று சுவர்ப் பக்கமாகவே நகர்ந்து பார்க்க வேண்டும்.

பழைய கறையா, புதுக் கறையா என்பதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. காய்ந்துபோன பழைய கறை ஒரே சீராக வெளுத்திருக்கும். இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் கறைக்கு ஓரத்தில் கருத்த விளிம்பு ஒன்று இருக்கும். ஒரு விளிம்புக்குள் இன்னொரு விளிம்பாக, மழைக்கு ஒன்றாகக் கூட இருக்கும். பக்கத்துச் சுவரைத் தடவினால் விரலில் வெள்ளை உப்பு ஒட்டும். ஏணி வைத்து மேலே ஏறி, கறைக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மச்சும் ஓட்டுச் சரிவும் சேருகிற மூலையாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் வடிய வைத்த தகரப் பள்ளம் அடைத்துக்கொண்டதுதான் காரணம். ஒரு நாள் வேலை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள். மேலோடு வெட்டினால் அடுத்த வருடம் இரண்டு பங்காக வரும். வேர் போன இடம்வரைக்கும் செங்கலைப் பிரித்தெடுத்து, திரும்பக் கட்ட வேண்டும்.

ஓட்டுக்கூரையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். உடைந்த ஓட்டை மாற்றலாம், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் போனால் வேறு ரீப்பர் போடலாம், அதைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரம் ஒன்றிரண்டு மாற்றினாலும் செலவு கைக்கு அடங்கியதுதான். வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்குள், ஓட்டைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டும். அந்த ஊரில் அப்படி ஆள் இருக்கிறாரா என்று மட்டும் இப்போதே விசாரியுங்கள்.

இனி முற்றம். நான் சொல்கிற இந்தச் சோதனையை விற்பவர்களுக்கு முன்னாலேயே செய்யலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் இறைத்து முற்றத்தில் ஒரே மூச்சில் கொட்டுங்கள். கொட்டிவிட்டு, தண்ணீர் வெளியேறும் ஜலதாரைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். சுழித்துக்கொண்டு ஓடினால் சந்தோஷம். தயங்கி, தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வற்றினால் அது எங்கே வற்றுகிறது என்று கேட்க வேண்டும். அடியில் மண் குடித்தால் அந்த ஈரம் சுவர்களின் காலைத் தேடித்தான் போகும்.

பல ஊர்களில் இதற்குக் காரணம் வீடே இல்லை, தெரு. பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. நான்கு படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவு போட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஏறிய உயரம் ஏறியதுதான். உங்கள் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் எத்தனை படி என்று எண்ணுங்கள். பாதிப் படி தாருக்குள் புதைந்து தெரிந்தால், கொத்தனாரிடம் டியூப் மட்டம் இருக்கும். ஒரு நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்ப்பது. முற்றத்துத் தரைக்கும் தெருச் சாக்கடையின் அடிக்கும் எத்தனை அங்குல இறக்கம் என்று அளக்கச் சொல்லுங்கள். தெருப் பக்கம் இறக்கமே இல்லையென்றால், கொல்லைப் பக்கமாகத் தண்ணீரைத் திருப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். 150 அடி நீளத்தில் அதற்கு வழி கிடைக்கும். கொல்லை தாழ்ந்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் இறக்கம் இல்லை என்று தெரிந்தால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் மோட்டார் வைத்து முற்றத்தை இறைப்பது 78 வயது அம்மாவை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமில்லை.

சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு வருத்தமே உண்டு. அந்தச் சுவர்கள் செங்கல்லைச் சேற்று மண்ணிலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டியவை. தரையிலிருந்து கொஞ்சம் ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே ஆவியாகிப் போய்விடும். சுவர் மூச்சு விட்டுக்கொண்டே இருந்ததால்தான் தொண்ணூறு வருடம் நின்றது. விற்கிற நேரத்தில் பார்வையாக இருக்கட்டும் என்று கீழே மூன்றடி நான்கடிக்கு சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபட்டுவிடுகிறது. அது சுவருக்குள்ளேயே மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேல் பொரிந்து உதிரும். அப்படி இடுப்பு உயரத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி பூச்சு பொரிந்திருந்தால், சுவர் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்க மாட்டார் என்பார்கள். கோயில் திருப்பணிக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். உங்கள் ஊரைச் சுற்றிக் கோயிலுக்கா பஞ்சம்?

புதிதாக வெள்ளையடித்த வீட்டில் பீரோவுக்குப் பின்னாலும் சுவரில் மாட்டிய பெரிய காலண்டருக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

விரிசல்கள் இருக்கும். காவிரிப் படுகையில் பல இடங்களில் அடியில் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதோடு சேர்ந்து வீடும் கொஞ்சம் அசையும். விரிசல் இருக்கிறதா என்பதைவிட அது இப்போதும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். நாலு மாதம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது என்று அர்த்தம்.

இரண்டு பக்கச் சுவரும் பொதுச் சுவரா என்பதைக் கேட்டீர்களா? 24 அடி அகலத்து வீடுகள் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து வரும் கட்டையும் இங்கிருந்து போகும் கட்டையும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் கணவர் சொல்கிற மாதிரி இடிக்கப் போனால் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் இடிக்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் இடிக்கலாம். அப்போது இத்தனை காலம் மழையே படாமல் இருந்த உங்கள் சுவர் திடீரென்று வெளிச்சுவர் ஆகிவிடும். அக்கம்பக்கம் யார் இருக்கிறார்கள், அவர்கள் வீடும் விற்பனைக்கு இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.

இடித்துக் கட்டும் யோசனையைப் பற்றி உங்கள் கணவருக்கு நேரடியாகவே சொல்கிறேன். இடித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை கிரவுண்டு மனை. ஊர்க்கணக்கில் 25 குழி. அந்த மனைக்கு மட்டும் 45 லட்சம், அதாவது சதுர அடி 1,250 ரூபாய் கொடுக்கத் தயார் என்றால் அதே ஊரில் காலி மனையே வாங்கிவிடலாம். இடிக்கிற செலவாவது மிஞ்சும். தேக்குத் தூணும் கதவும் உத்திரமும் சேர்ந்த வீட்டை வாங்கி, அவற்றைப் பிரித்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பிவிட்டுக் காங்கிரீட் பெட்டி கட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். கணக்கிலும் அது நஷ்டம். அந்த மரத்தை இன்று அதே கனத்தில் வாங்கப் போய்ப் பாருங்கள், தெரியும்.

சரி, மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். பத்திரம் முடித்துச் சாவி வாங்கப் போனால், வேலைப்பாடு செய்த நிலைக்கதவு இருந்த இடத்தில் பிளைவுட் கதவு. ஊஞ்சல் பலகை இல்லை, பித்தளைக் கொக்கிச் சங்கிலி இல்லை, இரண்டாங்கட்டுத் தூண்கள் இரண்டு இல்லை. அங்கே செங்கல்லால் கட்டி வைத்திருந்தார்கள். வீடு என்றுதான் பத்திரத்தில் இருந்தது, கதவு என்று தனியாக எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அதனால் உடன்படிக்கை எழுதும்போதே ஒவ்வொரு தூண், கதவு, நிலை, ஜன்னல், ஊஞ்சல், மரப்படி எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதி, படம் எடுத்து இணைத்து, விற்பவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உடன்படிக்கையைப் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

பத்திர விஷயத்துக்கு ஒரு நல்ல வக்கீல் வேண்டும், நான் பொறியாளன். ஆனால் பழைய வீடு வாங்கப் போய் என் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்ததால் இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

வீடு 1930-களில் கட்டியது என்றால் கட்டியவர் விற்பவர்களின் தாத்தாவாகத்தான் இருப்பார். தாத்தாவுக்குப் பிறகு பாகப்பிரிவினை நடந்ததா, உயில் இருந்ததா? இரண்டும் இல்லையென்றால், அவர் எப்போது இறந்தார் என்று கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூனில் வந்தது. அதற்குப் பிறகு இறந்திருந்தால் அவருடைய மகள்களுக்கும், அதாவது விற்பவர்களின் அத்தைமார்களுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் பங்கு வர வாய்ப்பு உண்டு. "நாங்கள் நாலு பேர்தான்" என்று சொல்வதில் பொய் இருக்காது. அத்தையைப் பற்றி அவர்கள் யோசித்தே இருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று ஒரு தாளில் மரம் போல வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். வக்கீலிடம் அந்தத் தாளோடு போங்கள். வில்லங்கச் சான்றும் இணையத்தில் கிடைக்கிற காலத்தோடு நிற்க வேண்டாம்; அதற்கு முந்தைய பதிவுகளையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி நேரில் வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரம் அனுப்புவார். அங்கே முறைப்படி சான்றொப்பம் வாங்கிய அந்தப் பத்திரத்துக்கு, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அக்காவின் கையெழுத்து மற்றவர்கள் கையெழுத்தைப் போலவே அவசியம். "அவளுக்குச் சீர் செய்தாகிவிட்டது" என்கிற பேச்சு இங்கே செல்லாது.

உங்கள் பக்கத்தில் இதைவிட முக்கியமானது அடிமனை. அந்தத் தாலுகாவில் கோயிலுக்கும் ஆதீனத்துக்கும் சொந்தமான மனைகள் நிறைய. திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலே திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருப்பது. அப்படிப்பட்ட மனையில் வீடு மட்டும்தான் குடியிருப்பவருக்குச் சொந்தம். மண் கோயிலுக்குச் சொந்தம், வாடகை கட்டி வருவார்கள். மூன்று தலைமுறையாகக் கட்டி வந்தால் அது நினைவிலேயே இருக்காது. அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது என்று 1959-ஆம் வருடச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. பட்டா யார் பெயரில், நத்தமா (ஊர்க் குடியிருப்பு மனையா), கோயில் மனையா என்று பாருங்கள். வீட்டு வரி ரசீதைக் காட்டி, "இதோ எங்கள் பெயர்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; வரி வீட்டுக்குப் போடுவது, மண்ணுக்கு அது சாட்சி ஆகாது.

எல்லாம் சரியாக இருந்தால் பத்திரச் செலவு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 45 லட்சத்துக்கு 4,05,000 ரூபாய். விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால், வங்கியில் இத்தனை வருடம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பணத்தையும் ரொக்கமாகக் கேட்பார்கள், காசோலையாகவே கொடுங்கள்.

பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று நேரில் பார்க்காமல் ஒரு தொகை சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். ஆசாரியும் கொத்தனாரும் பார்த்துப் போடுகிற மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் ஒரு கட்டையைப் பிரித்த பிறகுதான் அடுத்த கட்டை என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியும். முதலில் கூரை, அப்புறம் தண்ணீர் வெளியேறும் வழி, அப்புறம் மின்சார வயர் முழுவதும் புதிதாக. பெயிண்டும் அலங்காரமும் இரண்டாவது வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவைப் பற்றி. அவர் திண்ணையில் உட்கார்ந்ததைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கொல்லையில் என்றால், ராத்திரி எழுந்து நூறடிக்கு மேல், மூன்று நிலைப்படிகளைத் தாண்டி, ஈரமான தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். வாங்கினால் அம்மா அங்கே தங்குவதற்கு முன்னால், முற்றத்துக்கு அந்தண்டைப் பக்கத்து அறை ஒன்றை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும் கட்டியாக வேண்டும். தரை வழுக்காத கல், இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி. செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, கொல்லையின் கடைசியில் வையுங்கள். கொல்லை நீளமாக இருப்பது இதற்கு நல்லது. நிலைப்படிகளை மாற்ற வேண்டாம், பக்கத்தில் ஒரு மரக் கைப்பிடி போதும். ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால் கும்பகோணம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று, ராத்திரி பத்து மணிக்கே ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள்.

நங்கநல்லூர் வீட்டை இப்போதைக்கு விற்காதீர்கள்.

பத்து நாள் கெடுவுக்குப் பதிலாகத் தரகரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாங்கும் எண்ணம் உறுதியாக இருக்கிறது, பத்திரங்களின் நகலைக் கொடுங்கள், வக்கீல் பார்க்க ஒரு மாதம் வேண்டும், ஐப்பசியில் ஒரு வாரம் வாடகை கொடுத்து அந்த வீட்டிலேயே தங்குகிறோம். நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டிய, ஒருவர் கடல் தாண்டி இருக்கிற வீட்டைப் பத்து நாளில் யாராலும் விற்க முடியாது. தரகருக்கும் அது தெரியும். விற்பவர்களுக்கும் தாத்தா கட்டிய வீட்டை இடிக்காமல் குடியிருக்க ஒருவர் வருகிறார் என்றால் காத்திருக்க மனசு வரலாம். இதைத் தரகர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த அக்காவை நேரில் பார்த்து, அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

மழையில் அந்த வாரம் தங்கும்போது, ராத்திரி கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு உத்திரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். காலையில் மறுபடி வரையுங்கள். இரண்டு கோடும் தெரிகிற மாதிரி ஒரு படம், முற்றத்தில் தண்ணீர் கொட்டியபோது எடுத்த வீடியோ, கட்டையின் நுனி சுவருக்குள் போகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நானே ஒரு நாள் கும்பகோணம் வண்டி ஏறி வருகிறேன்.